அண்ணல் அம்பேத்கரும் மக்கள் நல்வாழ்வு நிதியும்

நம் முத்தாபுதுப்பேட்டையில் நம்மவர் இல்லங்களில் அண்ணல் அம்பேத்கரின் படம் இல்லாத சுவரைக் காண்பது அரிது. அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அவர் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம், நாகபுரியில் பௌத்தம் தழுவியது ஆகியவற்றையும் மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அப்பெருமகனாரின் வாழ்வில் நாம் குறைவாகவே பேசும் பகுதி ஒன்று உண்டு. நோயுற்ற ஏழைக்கு மருந்து வாங்கும் பணம் எவர் பெட்டியிலிருந்து வரவேண்டும் என்னும் வினாவே அது. பொருளியல் மாணவராக இருந்த நாள் முதல் மத்திய அரசில் பொறுப்பேற்ற நாள் வரை அவர் அவ்வினாவை விட்டாரில்லை. விடியற்காலையில் நம் ஊரிலிருந்து ஆவடிக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் செல்லும் தொழிலாளர் பலரின் சட்டைப்பையில் உள்ள ஈ.எஸ்.ஐ. அட்டைக்கும் அவ்வினாவுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அத்தொடர்பை நம் இளைஞர் அறிதல் வேண்டும் என்னும் விருப்பத்தால், அவர்தம் வரலாற்றை அந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கு எழுதத் துணிந்தேன்.

1891 ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் மௌ என்னும் இராணுவக் குடியிருப்பில் பீமராவ் பிறந்தார். தந்தையார் சுபேதார் ராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தாயார் பீமாபாய். பெற்றோருக்கு அவர் பதினான்காவது மகவு. அப்பதினால்வருள் வளர்ந்து ஆளானவர் மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் ஆக ஐவரே. பீமராவுக்கு ஐந்து வயது நிரம்பும் காலத்தில் தாயாரும் மறைந்தார். சாத்தாராவில் பள்ளியில் பயின்றபோது குழாயைத் தொட அவருக்கு உரிமை இல்லை; பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு, அவன் வாராத நாளில் தாகமே உண்டு. இச்செய்தியை நம்மில் பலர் அறிவோம். அவருடைய சொந்த இல்லத்தில் நிகழ்ந்தவற்றை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவருக்கும் இரமாபாய் அம்மையாருக்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நிலைத்தவர் யஷ்வந்த் ஒருவரே. கடைசிப் பிள்ளை ராஜரத்தினம் 1926-இல் இறந்தது. அம்மையாரும் நெடுநாள் நோயுற்று 1935 மே 27-இல் கண்மூடினார். உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் பெற்ற ஒருவர் வீட்டிலேயே நிலை இதுவென்றால், எழுத்தறியாத கூலியாளின் குடிசையில் எப்படி இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

அவர் குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1896-இல் பம்பாய் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இருண்ட குடியிருப்புகளில் அது காட்டுத்தீயெனப் பரவிற்று. அரசு விழித்துக்கொண்டு 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவியது. சுகாதாரக் கேடான குடியிருப்புகளை இடித்துக் காற்றும் ஒளியும் வரும் வீடுகளைக் கட்டித் தருதல் அதன் பணி. இடிக்கும் வேலை விரைந்து நடந்தது. ஏழைக்குக் கட்டும் வேலை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. இடிக்கப்பட்டவர்களில் பலர் வேறு நெரிசலான இடங்களைத் தேடிச் சென்றனர். அவ்வமைப்புக் கட்டிய வரிசைக் குடியிருப்புகளுள் பரேல் பகுதியில் இருந்த ஒன்றில்தான் 1912 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அண்ணலின் குடும்பம் இரு சிறிய அறைகளில் வாழ்ந்தது. குழாயும் கழிப்பிடமும் பலர்க்கும் பொது. அரசின் ஒரு தீர்மானம் எவ்வளவு செய்யும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை அவர் ஏட்டில் படிக்குமுன் வீட்டிலேயே கண்டார் எனலாம்.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாறு. 1925-இல் அது நூலாக வெளிவந்தது. சாதி பற்றி அவர் எழுதியவற்றைத் தேடிப் படிக்கும் நம் இளைஞர்கள் இந்நூலின் பக்கம் போவதில்லை. புள்ளிவிவரம் மிகுந்த நூல் என்பது உண்மையே. ஆனால் பிற்காலத்தில் அவர் எடுத்த பல நிலைகளுக்கு வேர் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

அந்நூல் கூறும் வரலாற்றைச் சுருங்கச் சொல்வேன். 1833-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தியாவின் வருவாய் முழுவதும் மைய அரசின் கைக்குச் சென்றது. மாகாண அரசு ஒரு சிறு செலவுக்கும் கல்கத்தாவை நோக்கிக் கையேந்தி நின்றது. 1870-இல் மேயோ பிரபு ஒரு மாற்றம் செய்தார். காவல், சிறை, கல்வி, மருத்துவம், சாலை ஆகிய துறைகளை மாகாணங்களின் பொறுப்பில் விட்டு, அவற்றுக்கென ஒரு மொத்தத் தொகையையும் ஒதுக்கினார். அத்தொகை போதாவிட்டால் உள்ளூர் வரி போட்டுக்கொள்க என்பது ஏற்பாடு. பெரிய வரிகள் மேலிடத்தில் நின்றன. பெரிய பொறுப்புகள் கீழே இறங்கின. மருத்துவமனையும் குடிநீரும் அன்று தொட்டே பற்றாக்குறைத் துறைகளாயின. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி கல்வி, மருத்துவம், பொதுச் சுகாதாரம் மூன்றும் இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதித்துறையோ ஆளுநரின் நிருவாக அவையினரிடமே இருந்தது. சமையலறையை மருமகளிடம் விட்டுவிட்டுச் சாமான் அறைச் சாவியை மாமியார் இடுப்பில் செருகிக்கொண்ட கதைதான்.

இத்தகைய கல்வியோடு 1927-இல் பம்பாய் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராக வந்தார் அம்பேத்கர். அவ்வாண்டு மார்ச்சில் கல்வி மானியத்தின் மீது பேசியபோது அவர் இரண்டு எண்களை அருகருகே வைத்துக் காட்டினார். தலைக்குக் கல்விக்காக அரசு செலவிடுவது 14 அணா. அதே தலையிடமிருந்து மதுவின் மூலம் அரசு பெறும் கலால் வருவாய் இரண்டு ரூபாய்க்கு மேல். உடலைக் கெடுக்கும் பொருளிலிருந்து வரும் பணத்தின் ஒரு பகுதியையேனும் அறிவை வளர்க்கத் திருப்பலாகாதா என்பது அவர் வாதம். வரவுசெலவுத் திட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். எத்துறைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. எவரிடமிருந்து பெற்று எவருக்குத் தருகிறார்கள் என்றும் பார்த்தல் வேண்டும்.

அதே மாதம் 20-ஆம் நாள்தான் மகத் நகரில் சவுதார் குளத்து நீரை அவர் அள்ளிப் பருகினார். அந்நிகழ்ச்சியைப் பலரும் வீரச்செயலாக மட்டும் கூறுவர். அதன் பின்னணியில் இருந்த நிதிக் கதையையும் கேளுங்கள். பொது நிதியால் கட்டப்பட்ட அல்லது பேணப்படும் கிணறு, குளம், பள்ளி, மருந்தகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. மகத் நகராட்சியும் 1924-இல் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதிக்கொண்டது. எழுதியதோடு சரி. ஆகவே 1926-இல் போலே மீண்டும் எழுந்து, அத்தீர்மானத்தை நடைமுறைப்படுத்தாத நகராட்சிகளுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் அரசு மானியம் தரலாகாது என்று இன்னொரு தீர்மானம் கொணர்ந்தார். மறுத்தால் பணம் நின்றுபோகும் என்ற நிலை வந்தால்தான் சொல் செயலாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அப்படியிருந்தும் அண்ணலும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து சென்று நீர் அருந்திய பிறகு அடியும் உதையும் விழுந்தன. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு நீதிமன்றம் ஏறி, 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு மிடறு தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு.

நம் சென்னை மாகாணமும் இவ்வகையில் பின்தங்கியிருக்கவில்லை. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், சட்டமன்ற உறுப்பினராக இருந்து, பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எச்சாதியினரையும் தடுக்கலாகாது என்ற தீர்மானத்தை 1924-இல் நிறைவேற்றச் செய்தார். அன்று நம் ஆவடி வட்டாரமும் அவர் பிறந்த செங்கற்பட்டு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. தொழிலாளர் ஆணையர் துறையின் வழியாகச் சேரிகளில் தனிக் கிணறுகள் தோண்டவும் அக்காலத்தில் அரசு பணம் ஒதுக்கியது. தனிக் கிணற்றால் தாகம் தணிந்தது. பொதுக் கிணற்றின் உரிமை தள்ளிப்போயிற்று. இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். காலராவுக்குத் தனிக் கிணறு, பொதுக் கிணறு என்ற வேற்றுமை தெரியாது.

1928 சூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால நல மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆலையில் உழைக்கும் பெண்ணுக்கு மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் ஓய்வும், அவ்வோய்வுக் காலத்துக்கு உதவித்தொகையும் தருவது அதன் நோக்கம். ஆலை முதலாளிகளின் சார்பில் எதிர்ப்பு எழுந்தது. அம்பேத்கர் மசோதாவை ஆதரித்தார். தாய் ஓய்வு பெறுதல் நாட்டுக்கே நலம். எனவே அச்செலவில் பெரும்பங்கை அரசு ஏற்பதே முறை. ஆனால் பெண்ணின் உழைப்பால் ஊதியம் பெறும் முதலாளியும் அதில் பங்கேற்கக் கடமைப்பட்டவன் என்பது அவர் எடுத்துரைத்த கருத்து. 1929-இல் சட்டம் வந்தது; சென்னை மாகாணத்தில் 1934-இல் அத்தகைய சட்டம் நிறைவேறியது.

இங்கே நம் இளைஞர்கள் சிறிது நின்று எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி உண்டு. பம்பாய்ச் சட்டம் முழுச் செலவையும் அந்தந்த முதலாளியின் தலையில் வைத்தது. அரசு ஒரு காசும் தரவில்லை. இத்தகைய ஏற்பாட்டில் பெண்களை மிகுதியாக வேலைக்கு வைப்பவனுக்கு மிகுதியான செலவு. ஆகவே பெண்ணை வேலைக்கே எடுக்காமல் விட அவனுக்கு ஆசை பிறக்கும். நன்மை செய்ய வந்த சட்டம், பணம் எவ்வழியில் வரவேண்டும் என்பதைத் தவறாக வகுத்தமையால், அந்நன்மையைப் பெற வேண்டியவளையே வாயிலில் நிறுத்திவிடக்கூடும். இதற்கு மாற்று, எல்லா முதலாளிகளும் எல்லாத் தொழிலாளரும் ஒரு பொது நிதியில் பணம் செலுத்தி, தேவைப்படுவோர் அதிலிருந்து பெறுவது. ஆணை வைத்தாலும் பெண்ணை வைத்தாலும் முதலாளி செலுத்துவது ஒரே விகிதமாக இருக்கும். அம்மாற்றைக் கொண்டுவரும் வாய்ப்பு அண்ணலுக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்தது.

அதற்கு இடையில் நடந்த மற்றொன்றையும் சொல்லிச் செல்கிறேன். குடும்பக் கட்டுப்பாட்டுக்கான வசதிகளை அரசே மக்களுக்கு அளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1938 நவம்பரில் அவர் சார்பில் பி.ஜே. ரோகம் பம்பாய் சட்டமன்றத்தில் முன்வைத்தார். ஆதரவு 11, எதிர்ப்பு 52. தோற்றது. சுதந்திர இந்திய அரசு அதையே தன் திட்டமாக மேற்கொண்டது 1952-இல்.

1942 சூலையில் வைசிராயின் நிருவாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவர் அந்த அவையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. 1946 வரை நான்கு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். போர்க்காலம், பணம் எல்லாம் படைக்கே என்ற காலம். அந்நிலையிலும் தொழிலாளர் நலத்துக்கு நிரந்தரமான வருவாய் வழிகளை அவர் தேடினார். 1944 சனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் பிறந்தது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நிலக்கரியின் மீது டன் கணக்கில் ஒரு தீர்வை. அத்தீர்வை வேறு எதிலும் கலவாமல் தொழிலாளரின் வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்கே போய்ச்சேரும். ஆண்டுதோறும் நிதி அமைச்சரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. 1946-இல் அப்பிரகச் சுரங்கத் தொழிலாளர்க்கும் இவ்வாறே ஒரு நிதி அமைந்தது; அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ச் சுரங்கத்தாருக்கும் அது பயன்பட்டது. ஒரு வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 48 மணியாகக் குறைந்ததும் அவர் 1946-இல் கொணர்ந்த திருத்தத்தின் பயனே.

அவர் பதவிக்காலத்தில் நெருடலான செய்தியும் ஒன்று உண்டு. அதை மறைத்தல் தகாது. சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்யலாகாது என்று முன்னர்ப் போடப்பட்டிருந்த தடை, போர்க்காலத்தில் நிலக்கரி போதவில்லை என்ற காரணத்தால் 1943-இல் தளர்த்தப்பட்டது. சட்டமன்றத்தில் எழுந்த கண்டனங்களுக்கு அரசின் சார்பில் விடையளிக்கும் பொறுப்பு அவர்மீதே விழுந்தது. தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது 1946 பிப்ரவரியில். அம்மூன்றாண்டுகளை நான் புகழ மாட்டேன். அரசில் ஓர் இடம் பெற்றவன் அவ்வரசின் எல்லாச் செயல்களுக்கும் தோள் கொடுக்க நேரும் என்பதற்கு அண்ணலும் விலக்காகவில்லை.

இனி ஈ.எஸ்.ஐ. பிறந்த கதை. ஆலைத் தொழிலாளர்க்கான நோய் ஈட்டுறுதித் திட்டம் ஒன்றை வகுக்க 1943 மார்ச்சில் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் அமர்த்தப்பட்டார். 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கை அளித்தார். நோய், பேறுகாலம், வேலையில் நேரும் விபத்து மூன்றையும் ஒரே நிதியில் இணைக்கும் திட்டம் அது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்களான ஸ்டாக், ரகுநாத ராவ் இருவரும் 1945-இல் அதனை ஆராய்ந்து விரிவாக்கினர். மசோதா மன்றத்துக்கு வந்தபோது அண்ணல் அப்பதவியில் இல்லை. 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியது. மின்விசையால் இயங்கி இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், ஆண்டு முழுதும் நடக்கும் ஆலைகளில், மாதம் 400 ரூபாய்க்கு மேற்படாத ஊதியம் பெறுவோர் அதில் அடங்கினர். முதல் ஐந்தாண்டுகளுக்கு நிருவாகச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு தரும் என்று சட்டத்தில் எழுதினர். அதன் பிறகு திட்டம் பெரும்பாலும் முதலாளியின் பங்கிலும் தொழிலாளியின் பங்கிலுமே நடக்க வேண்டியதாயிற்று.

ஆண்டு முழுதும் நடக்கும் ஆலை என்ற அந்தச் சொற்றொடரில்தான் நம்மவரில் பெரும்பாலோர் வெளியே நின்றுவிட்டனர். அன்று தாழ்த்தப்பட்டோரில் மிகப் பெரும்பகுதியினர் வயலில் உழைத்த கூலிகள். நாற்று நடும் பெண்ணுக்குப் பேறுகால உதவி அதில் இல்லை. செங்கற்சூளையில் கைமுறிந்தவனுக்கு விபத்து உதவி இல்லை. எளிதில் பணம் பிடிக்கக்கூடிய இடத்தில் திட்டம் தொடங்கியது. பணம் பிடிக்க முடியாத இடத்தில் மக்கள் மிகுதியாக இருந்தனர். அண்ணல் இதை அறியாதவர் அல்லர். 1947-இல் மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் தலைப்பில் அவர் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய அறிக்கையில், வேளாண்மையை அரசுத் தொழிலாக்க வேண்டும் என்றும், வயது வந்த ஒவ்வொருவர்க்கும் ஈட்டுறுதி கட்டாயமாக வேண்டும் என்றும் கோரினார். அவை ஏற்கப்படவில்லை. மக்களின் ஊட்டத்தையும் நல்வாழ்வையும் உயர்த்துதல் அரசின் முதன்மைக் கடமை என்னும் 47-ஆம் பிரிவும், பேறுகால உதவி பற்றிய 42-ஆம் பிரிவும் அரசியலமைப்பில் இடம் பெற்றன. ஆனால் அவை வழிகாட்டும் நெறிகள். அவற்றை நிறைவேற்றக் கோரி நீதிமன்றம் செல்ல இயலாது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலங்களின் பட்டியலில் வைக்கப்பட்டன. வளம் மிக்க வரிகள் பல மைய அரசிடமே நின்றன. மேயோ பிரபுவின் ஏற்பாட்டை ஆராய்ந்து நூல் எழுதியவரே தலைமை தாங்கிய வரைவிலும் அம்முடிச்சு முழுவதும் அவிழவில்லை.

தமிழகத்தில் ஈ.எஸ்.ஐ. 1955-இல் கோவையில் தொடங்கியது. தொழிலாளிக்கு மட்டுமே இருந்த மருத்துவ வசதி பின்னரே குடும்பத்தாருக்கும் நீட்டிக்கப்பட்டது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபின் நம் பகுதியின் முகமே மாறிற்று. இன்று நம் தெருவில் நோய்வாய்ப்படுவோர் மூவகையினர். பாதுகாப்புத் தொழிற்சாலையில் நிரந்தரப் பணி பெற்றவர்க்கு அதன் மருத்துவமனை உண்டு. தனியார் ஆலையில் பெயர் பதிந்தவர்க்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. கட்டட வேலைக்கும், வீட்டு வேலைக்கும், ஒப்பந்தக்காரரின் கீழ்த் துப்புரவுக்கும் செல்வோரில் பலர்க்கு அரசு மருத்துவமனையன்றி வேறில்லை. 2009-இல் தமிழக அரசு கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டத்தால் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு வழி பிறந்தது உண்மை. ஆனால் படுத்திருக்கும் நாட்களுக்குக் கூலி அதில் வாராது. ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாக ஊதியத்தில் நூற்றுக்கு 70 வீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவனையும், படுத்து எழுந்து போகிறவனையும் பிரிப்பது இவ்வேறுபாடுதான்.

ஒப்பந்தத் தொழிலாளியும் தகுதியுள்ள நிறுவனத்தில் பணிபுரிந்தால் இத்திட்டத்துக்கு உரியவனே. ஊதிய வரம்பு 2017 சனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019-இல் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடாகவும் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன. இருவருக்கும் சுமை குறைந்தது. நிதிக்கு வரும் வருவாயும் குறைந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் கூலி எவ்வளவு என்று கேட்கும்போதே ஈட்டுறுதி எண்ணையும் கேட்டுப் பெறுவார்களாக. கேட்கக் கூச்சப்பட்டு, பின்னர்க் கை துண்டானபோது அலைந்தவர்களை இவ்வூரில் நான் கண்டிருக்கிறேன்.

அண்ணலின் உடல்நலமோ நெடுங்காலமாகவே நலிந்திருந்தது. நீரிழிவும் நரம்பு வலியும் அவரை வருத்தின. 1948 ஏப்ரலில் மருத்துவரான சாரதா கபீர் அம்மையாரை மணந்தார். 1951-இல் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகினார். 1952 தொடக்கத்தில் நடந்த முதற் பொதுத்தேர்தலில் பம்பாயில் தோல்வியுற்றார். அத்தோல்விக்குச் சில வாரங்களுக்குள், பிப்ரவரி 24-இல், கான்பூரில் பிரதமர் நேரு ஈ.எஸ்.ஐ. திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1956 டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே அண்ணல் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 65.